அத்தியாயம் 6: உங்களுக்கான குழுவைத் தேடிப் பிடிப்பது

குடியை நிறுத்திய முதல் வாரத்தில் மருத்துவமனை துணை நிற்கும். அதற்குப் பின் வருகிற சனிக்கிழமை மாலைக்கு யார் துணை? கையில் கூலி இருக்கிறது, கடை திறந்திருக்கிறது, கூட வேலை செய்பவர் "ஒரு கட்டிங் மட்டும்" என்று தோளில் கை போடுகிறார். அந்த நேரத்தில் டாக்டரைக் கூப்பிட முடியாது. வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள். இதே சனிக்கிழமைகளைத் தானும் தாண்டி வந்த ஒருவரைக் கூப்பிட முடிந்தால், அந்த மாலை கடந்துவிடும். அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இந்த அத்தியாயம்.

தேடல் முடிந்ததா என்று பார்க்க ஒரே ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைபேசியில் குடியை விட்ட மூன்று பேரின் எண்கள் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவரையாவது நீங்களே அழைத்துப் பேசியிருக்க வேண்டும். அதுவரை தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

முதலில் உடம்பு

தினமும் குடித்தவர், குழுவில் சேரப்போகிற வேகத்தில் வீட்டிலேயே சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு நாள், இடம் தெரியாத குழப்பம் வரும். இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் அடிக்கும். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. குழு நண்பர்கள் எத்தனை பேர் சுற்றி உட்கார்ந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

கீழே உள்ளவற்றில் ஒன்று பொருந்தினாலும் முதலில் மருத்துவர், பிறகுதான் குழு:

1. காலையில் எழுந்ததும் கொஞ்சம் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது.
2. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கிறது, அல்லது சுயநினைவின்றி உளறியதாக வீட்டில் சொல்கிறார்கள்.
3. கல்லீரல், இதயம், சர்க்கரை நோய் இருக்கிறது, அல்லது கர்ப்பமாக இருக்கிறீர்கள்.
4. குடியோடு தூக்க மாத்திரையும் பழக்கத்தில் இருக்கிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ போங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. எவ்வளவு குடித்தீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான் முடிவாகிறது. வலிப்போ மனக்குழப்பமோ வந்துவிட்டால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

*எச்சரிக்கை:* மெடிக்கல் கடையில் தூக்க மாத்திரை வாங்கி நீங்களே சமாளிக்கப் பார்க்காதீர்கள். குடும்பத்தினருக்கும் ஒரு வார்த்தை. "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கப்படும் பொடிகளை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அது டைசல்ஃபிரம் என்ற மருந்தாகக்கூட இருக்கலாம். அந்த மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் கடும் வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், சில சமயம் உயிரும் போகும். அதனால்தான் மருத்துவர்கள் நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே அந்த மருந்தைத் தருகிறார்கள்.

என்னென்ன குழுக்கள் இருக்கின்றன

தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். எல்லோரும் சொல்வது ஏ.ஏ. அது பிறந்ததே ஒரு தொலைபேசி அழைப்பில்தான். 1935 மே மாதம், பில் வில்சன் என்ற நியூயார்க்காரர் ஒரு வியாபாரம் கைநழுவிய சோர்வோடு ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் ஓர் ஓட்டல் வரவேற்பறையில் நின்றார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்திலேயே மதுக்கூடம். அங்கே போகாமல் அவர் ஒரு தேவாலயப் போதகருக்குத் தொலைபேசி போட்டு, தன்னைப் போலவே குடியில் மாட்டிய ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. உதவி கேட்டு அழைத்தவர், அந்த அழைப்பால் தானும் குடிக்காமல் தப்பித்தார். நீங்கள் ஒருவரை அழைக்கும்போது அவருக்குத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். உங்கள் அழைப்பு அவருக்கும் மருந்து.

கட்டணம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 2020-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில், ஏ.ஏ.வும் அதில் சேரும்படி வழிநடத்தும் சிகிச்சையும் மற்ற பேச்சுச் சிகிச்சைகளை விட மேலாகவே இருந்தன.

இரண்டாவது, சிகிச்சை பெற்ற மருத்துவமனையே நடத்தும் தொடர் சந்திப்புகள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறையில் முன்னோடி. சிகிச்சை முடிந்து போனவர்களைத் தொடர்ந்து பார்த்துவரும் வழக்கம் அங்கே உண்டு. மூன்றாவது, ஸ்மார்ட் ரெகவரி. இதில் கடவுள் பேச்சு இல்லை, பயிற்சிகள் மூலம் மனதைக் கையாளக் கற்றுத்தருகிறார்கள். பெரும்பாலும் இணையவழி, ஆங்கிலத்தில். ஆங்கிலம் சரளமாக வருபவர்கள் முயன்று பார்க்கலாம்.

*கவனம்:* ஏ.ஏ. எங்கேயும் மருத்துவமனையோ விடுதியோ நடத்துவதில்லை. "ஏ.ஏ. சென்டர், ஆளை வந்து தூக்கிக்கொண்டு போவோம், மாதம் இவ்வளவு" என்று யாராவது சொன்னால் அது ஏ.ஏ. அல்ல. ஆட்களைத் தங்கவைக்கும் மறுவாழ்வு மையம் எதுவானாலும், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி பதிவு பெற்றதா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

தேடும் முறை

1. 14446-ஐ அழையுங்கள். மத்திய அரசின் இலவசப் போதை மீட்பு உதவி எண் இது. உங்கள் மாவட்டத்தில் எங்கே சிகிச்சை, எங்கே ஆலோசனை என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 104-இலும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

2. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். மருத்துவரைவிட அங்குள்ள சமூகப் பணியாளருக்கும் செவிலியருக்கும் இது நன்றாகத் தெரியும். "குடியை விட்டவர்கள் மீட்டிங் நம்ம ஊரில் எங்கே நடக்கிறது?" என்று கேட்டால் போதும்.

3. ஏ.ஏ.வின் உதவி எண்ணைத் தேடி எடுங்கள். பெரிய நகரங்களில் அவர்களுக்கென்று தொலைபேசி உண்டு. எடுப்பவர் குடியை விட்ட ஓர் உறுப்பினராகவே இருப்பார்.

4. தேவாலய அலுவலகங்களில் விசாரியுங்கள். கூட்டங்களுக்குச் சும்மாவோ சிறு வாடகைக்கோ இடம் தருபவை பெரும்பாலும் தேவாலயங்களும் பள்ளிகளும்தான். இடம் மட்டுமே அவற்றுடையது. கூட்டத்துக்கும் மதத்துக்கும் தொடர்பு இல்லை.

5. குறைந்தது மூன்று கூட்டங்களின் இடம், கிழமை, நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால், அது பிடிக்காத அன்றே தேடல் நின்றுவிடும்.

6. போகும் முன் நேரத்தை உறுதிசெய்யுங்கள். இடம் மாறியிருக்கலாம். பூட்டிய கதவின் முன் நின்றுவிட்டுத் திரும்புகிற வழியில் கடை இருக்கும். இப்படி ஒரே மாலையில் எல்லாம் கைவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது.

அந்த முதல் அழைப்பு

எல்லாப் படிகளிலும் கனமானது இதுதான். எண்ணை அழுத்திவிட்டு மணி அடிக்கும் முன் துண்டிப்பவர்கள் ஏராளம். என்ன பேசுவது என்று தெரியாததே பாதித் தயக்கம். ஆகவே எழுதி வைத்துக்கொண்டே பேசலாம்:

"வணக்கம் சார். எனக்குக் குடிப் பிரச்சினை இருக்கு. மீட்டிங்குக்கு வரலாம்னு நினைக்கிறேன். இப்போதான் முதல் தடவை."

அவ்வளவுதான். எதிர்முனையில் இருப்பவர் உங்கள் முழுக் கதையையும் கேட்க மாட்டார். "எந்தப் பக்கம் இருக்கீங்க தம்பி? இன்னிக்குக் குடிச்சிருக்கீங்களா? உடம்பு எப்படி இருக்கு?" என்பது போலத்தான் விசாரிப்பார். உண்மையைச் சொல்லுங்கள். பெயர் சொல்லப் பிடிக்காவிட்டால் வேண்டாம். பிறகு நீங்கள் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கூட்டம் தமிழில் நடக்குமா? திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? வாசலில் யாராவது எனக்காக நிற்க முடியுமா?

திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், மகள் என்று யாரையும் கூட்டிப்போகலாம். மூடிய கூட்டம் குடிநோய் உள்ளவர்களுக்கு மட்டும். மூன்றாவது கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். வாசலில் ஒரு முகம் காத்திருக்கிறது என்று தெரிந்தால் கால் பின்வாங்காது.

*குறிப்பு:* காலையில் அழையுங்கள். முடிந்தால் அன்று மாலைக் கூட்டத்துக்கே போய்விடுங்கள். "அடுத்த வாரம் வர்றேன்" என்று சொன்னவர்கள் அடுத்த வாரம் வருவது அரிது.

முதல் கூட்டம்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வயிறு காலியாக இருக்கும்போது குடி ஆசை கிளம்பும். பசி, கோபம், தனிமை, சோர்வு இந்த நான்கும் உங்களை வழுக்கி விழ வைக்கும் என்று குழுக்களில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். டாஸ்மாக் கடை இல்லாத பாதை எது என்று முன்பே பார்த்து வையுங்கள். சற்றுச் சுற்றுவழியானாலும் பரவாயில்லை. கூடுமானால் யாரையாவது வண்டியில் கொண்டுவிடச் சொல்லுங்கள்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, சுவரில் ஏ.ஏ.வின் மீட்சி வழியான பன்னிரண்டு படிகள் எழுதிய பதாகை. ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒன்றரை. ஒருவர் தொடங்கிவைப்பார், சிறு பிரார்த்தனை இருக்கும், பிறகு ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, தான் குடிநோயாளி என்று சொல்லிவிட்டுப் பேசுவார்கள். குடித்தபோது என்ன நடந்தது, எப்படி நின்றது, இப்போது எப்படி இருக்கிறது. யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். இதைக் கேட்டுப் பழகாதவருக்கு முதலில் விசித்திரமாக இருக்கும். வீட்டிலும் வெளியிலும் வருடக்கணக்கில் அறிவுரை கேட்டே அலுத்தவருக்கு, எதிர்வாதம் இல்லாத ஓர் அறையில் உட்காருவதே பெரிய ஆறுதல்.

உங்கள் முறை வந்தால், "இன்னிக்குக் கேட்க வந்திருக்கேன்" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். காணிக்கைப் பை சுற்றி வரும். புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. வருகைப் பதிவேடு கிடையாது. பிரார்த்தனை பிடிக்காவிட்டால் சும்மா நில்லுங்கள். நாத்திகர்களும் இந்த அறைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முடிந்தவுடன் ஓடிவிடாதீர்கள், இதுதான் முக்கியம். கூட்டத்துக்குப் பிந்தைய பத்து நிமிட டீயில்தான் எண்கள் கைமாறுகின்றன. உங்களைப் போலவே பேசியவர் யார் என்று பார்த்து வைத்து, அவரிடம் போய், "அண்ணே, உங்க நம்பர் தர முடியுமா? ராத்திரியில கூப்பிடலாமா?" என்று கேளுங்கள். மறுநாள் அவரைக் கூப்பிடுங்கள். காரணம் எதுவும் வேண்டாம், சாப்பிட்டீங்களா என்று கேட்டால் போதும். சாதாரண நாளில் கூப்பிட்டுப் பழகினால்தான் நெருக்கடி நாளில் விரல் தானாக அந்த எண்ணுக்குப் போகும்.

பொதுவாகச் செய்கிற தவறுகள்

*ஒரே கூட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பது.* ஒரு குழுவில் வயதானவர்களே இருப்பார்கள், இன்னொன்றில் ஒருவரே நீளமாகப் பேசுவார், மற்றொன்றில் சிரிப்பும் கலகலப்புமாக இருக்கும். ஐந்தாறு கூட்டங்களாவது வெவ்வேறு இடங்களில் உட்கார்ந்து பாருங்கள்.

*"நான் இவர்கள் அளவுக்கு மோசமில்லை" என்று ஒப்பிடுவது.* வேலை போனவர், வீடு போனவர், ரத்த வாந்தி எடுத்தவர் பேசும்போது மனம் உடனே வித்தியாசங்களை எண்ணத் தொடங்கும். வித்தியாசத்தை விடுங்கள். பாட்டிலை ஒளித்துவைத்தது, பொய் சொன்னது, பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாமல் போனது எனப் பொதுவானதை மட்டும் கேளுங்கள்.

*மாத்திரையை நிறுத்துவது.* "மாத்திரையும் ஒரு போதைதான்" என்று குழுவில் எவராவது சொல்லலாம். அது அவர் சொந்தக் கருத்து. உறுப்பினர் யாரும் மருத்துவராக நடந்துகொள்ளக் கூடாது என்பதே ஏ.ஏ.வின் நிலை. மனநல மருந்தையோ நால்ட்ரெக்ஸோன் போன்ற ஆசை குறைக்கும் மருந்தையோ, எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

*தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று போகாமலே இருப்பது.* சின்ன ஊரில் இது நியாயமான பயம். பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் அலுவலகத்துக்காரர் அங்கே உட்கார்ந்திருந்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் சேரும் முன் மட்டும் யோசியுங்கள். உங்கள் எண்ணும் முகப்புப் படமும் எல்லோருக்கும் தெரியும். படத்தை மாற்றிவிட்டுச் சேருங்கள்.

விலக வேண்டிய குழு

யாராவது கடன் கேட்டாலோ, சீட்டுப் பிடிக்கச் சொன்னாலோ, கட்சிக்கோ மதத்துக்கோ ஆள் சேர்த்தாலோ, உள்ளே பேசியது வெளியே ஊரில் உலவினாலோ அந்தக் குழுவைவிட்டு வேறு குழுவுக்குப் போங்கள். குழுவை மாற்றுங்கள், முயற்சியை விடாதீர்கள்.

பெண்களுக்கு

ஆண்கள் நிறைந்த அறையில் ஒரே பெண்ணாக உட்காருவது எளிதல்ல. ஊர்ப் பேச்சும் பெண்களை இரட்டிப்பாகத் தண்டிக்கிறது. உதவி எண்ணில் அழைக்கும்போதே, "பெண் உறுப்பினர் யாரிடமாவது பேச முடியுமா அக்கா?" என்று கேளுங்கள். பெண்கள் மட்டும் கூடும் இணையவழிக் கூட்டங்கள் உண்டு. கேமராவை அணைத்து, வேறு பெயரில் உட்காரலாம். வழிகாட்டியை, அதாவது ஸ்பான்சரைத் தேர்ந்தெடுக்கும்போது பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பது குழுக்களின் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. உதவுகிறேன் என்று தனியே சந்திக்கக் கூப்பிடும் ஆண் உறுப்பினரிடம் மறுக்கத் தயங்காதீர்கள்.

குடும்பத்தாருக்கு

குடிப்பவர் வருகிறாரோ இல்லையோ, நீங்கள் போகலாம். குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கென்றே 1951-இல் உருவான அல்-அனான் குழுக்கள் தமிழ்நாட்டிலும் கூடுகின்றன. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் உண்டு. பல மனைவிமார்கள் முதலில் தாங்கள் போன பிறகுதான் அவர்களுடைய கணவர்கள் வந்திருக்கிறார்கள். வீட்டில் அடி, உதை நடக்கிறது என்றால் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம், பெண்களுக்கான 181-ஐ அழையுங்கள்.

ஊரில் குழுவே இல்லை என்றால்

குடவாசல் பக்கம் மஞ்சக்குடி கிராமத்தில் டி.டி.கே. மருத்துவமனை சிகிச்சை முகாம்கள் நடத்தியது. ஊருக்குள்ளேயே, ஊர்க்காரர்கள் துணையோடு. கிராமத்தில் இது நடக்காது என்பவர்களுக்கு அதுவே பதில். நீங்கள் செய்ய வேண்டியது:

1. முதல் சில மாதங்கள் இணையவழிக் கூட்டங்களிலும் அருகிலுள்ள நகரக் கூட்டத்திலும் மாறி மாறிக் கலந்துகொள்ளுங்கள்.
2. உங்கள் பகுதியில் குடியை விட்டிருப்பவர், விட விரும்புபவர் யாராவது வந்தால் உங்களை அழைக்கச் சொல்லும்படி மருத்துவரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ சொல்லிவையுங்கள். பெயரைக் கேட்காதீர்கள், உங்கள் எண்ணைக் கொடுங்கள்.
3. இரண்டு பேர் கிடைத்தால் குழு தொடங்கிவிடலாம். நகரக் குழுவிலிருந்து நீண்ட நாள் குடிக்காமல் இருப்பவர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள்.
4. பள்ளி, நூலகம் போன்ற பொது இடத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம் வையுங்கள். யாரும் வராத அன்றும் அந்த ஒரு மணி நேரம் திறந்து வைத்திருங்கள்.

வழுக்கிவிட்டால்

மறுபடி குடித்துவிட்டவர் கூட்டத்தை முதலில் விடுவார், பிறகு போனை எடுக்கமாட்டார். வெட்கம்தான் காரணம். அந்த அறையில் இருக்கும் பெரும்பாலோர் ஒருமுறையாவது வழுக்கியவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். அன்றே ஒருவரைக் கூப்பிட்டு, "அண்ணே, குடிச்சிட்டேன்" என்று சொல்லுங்கள். போதையிலும் கூட்டத்துக்கு வரலாம், பின்னால் அமைதியாக உட்கார்ந்து கேட்கலாம். வண்டி மட்டும் ஓட்டாதீர்கள். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால், மேலே சொன்ன மருத்துவர் படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 14416-ஐ அழையுங்கள். டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் அது, இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

இப்போது புத்தகத்தை மூடி வையுங்கள். 14446. இன்று மாலைக்குள் அழைத்துவிடுங்கள்.